மாஸ்ஃபெட்டைத் தொடும் முன்: ரேடியோ ரிப்பேர் மேசையில் நிலைமின்சாரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ செட்டைத் தாங்களே திறந்து பழுது பார்க்கிறவர்களும், கிட் வாங்கி சால்டர் செய்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் எர்த் பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்ற பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

கையில் ஷாக் எதுவும் அடிக்கவில்லையே, அப்புறம் எப்படி மாஸ்ஃபெட் போயிருக்கும்?

நமக்கு "சுருக்" என்று உறைக்கிற நிலைமின்சாரம் ஏறக்குறைய 3000 வோல்ட்டுக்கு மேல்தான். அதற்குக் கீழே 500, 1000 வோல்ட் உடம்பில் ஏறி உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. ஐஆர்எஃப்510 மாதிரி ஒரு மாஸ்ஃபெட்டில் (டிரான்சிஸ்டரில் ஒரு வகை; கேட், சோர்ஸ், டிரெய்ன் என்பவை அதன் கால்கள்) கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அனுமதித்திருப்பது வெறும் 20 வோல்ட். உள்ளே கேட்டுக்குக் காப்பாக இருக்கிற ஆக்சைடு படலம் ஒரு தலைமுடியைப் பல நூறாகப் பிளந்தால் வருகிற தடிமன்தான். அதில் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் முடிந்தது, அது திரும்ப ஆறாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் உறைக்கும். பரிசோதனைக் கூடங்களில் மனித உடம்பை 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும் அதோடு தொடராக 1500 ஓம் ரெசிஸ்டராகவும் வைத்துக்கொள்கிறார்கள். ஐஆர்எஃப்510 கேட்டின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 180 பிக்கோஃபாரட். உங்கள் விரலில் 3000 வோல்ட் இருந்து, அது கேட்டோடு பங்கு போட்டுக்கொண்டால் இரண்டிலும் 1070 வோல்ட் வாக்கில் நிற்கும். தாங்குவது 20.

அப்படியானால் பெரிய மாஸ்ஃபெட்டுக்கு ஆபத்து குறைவா?

ஆமாம், அதுதான் வேடிக்கை. பவர் சப்ளையில் வருகிற பெரிய மாஸ்ஃபெட்டுக்கு கேட்டில் 2000 பிக்கோஃபாரட் இருக்கும், அதே 3000 வோல்ட் அங்கே 140 வோல்ட்டாகத் தணிந்துவிடும். அதுவும் அதிகம்தான், ஆனால் 1070 இல்லை. ரேடியோவின் முன்பகுதியில் (ஆன்டெனா சிக்னலை முதலில் வாங்கும் இடம்) உட்கார்ந்திருக்கும் டூயல் கேட் (இரண்டு கேட் உள்ள) மாஸ்ஃபெட்டுக்கோ சில பிக்கோஃபாரட்தான். வாங்குகிற அடி அப்படியே முழுசாக விழும். கெப்பாசிட்டன்ஸ் குறைவாக இருந்தால்தான் உயர் அலைவரிசையில் வேலை செய்யும், குறைவாக இருப்பதால்தான் சீக்கிரம் சாகிறது. பெரிய பாதுகாப்பு டயோடை உள்ளே வைக்கவும் முடியாது, அந்த டயோடே சிக்னலைத் தின்றுவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேரில் பழகிய தைரியத்தோடு விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) ரிசீவரைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தெந்தப் பாகங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

முதலில் காலியம் ஆர்சனைடு எஃப்இடி (மாஸ்ஃபெட்டின் சொந்தக்கார டிரான்சிஸ்டர்). யுஎச்எஃப் (விஎச்எஃப்பைவிட உயர்ந்த அலைவரிசை), மைக்ரோவேவ் ப்ரீஆம்ப்களில் (சிக்னலை முதலில் பெருக்குபவை) இருப்பது. அதோடு மைக்ரோவேவ் டிடெக்டர் டயோடுகள். இரண்டாம் உலகப்போர் ரேடார்களில் இருந்த 1என்21, 1என்23 டயோடுகளை அந்தக் காலத்திலேயே ஈயத்தாளில் சுற்றித்தான் அனுப்பினார்கள். அடுத்து டூயல் கேட் மாஸ்ஃபெட்டுகள். கேட்டுக்குள் டயோடு வைத்து வந்த 40673 போன்றவை கொஞ்சம் தேவலை. அதற்கு முந்தியவை பாதுகாப்பே இல்லாதவை, கால்களை ஒன்றாக ஷார்ட் செய்யும் ஒரு சின்ன வளையத்தோடு வந்தவை. பழைய செட்டில் அப்படி ஒன்று இருந்தால் குழந்தை மாதிரி கையாளுங்கள். அப்புறம் பிஎஸ்170, 2என்7000, ஐஆர்எஃப்510, டிரான்ஸ்மிட்டர் ஃபைனலில் (கடைசிப் பெருக்கியில்) வரும் ஆர்டி16எச்எச்எஃப்1 வகை, சிமாஸ் ஐசிகள் (மாஸ்ஃபெட்டுகளால் ஆனவை), மைக்ரோகன்ட்ரோலர், எஸ்ஐ5351 கடிகார ஐசி எல்லாம்.

வால்வு, ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், சாதாரண கெப்பாசிட்டர், பிசி547 மாதிரி டிரான்சிஸ்டர், இவற்றுக்காக மெனக்கெட வேண்டாம். ஜே310 போன்ற ஜேஃபெட்டில் ஆக்சைடு படலம் கிடையாது என்பதால் கொஞ்சம் முரட்டு ஜாதி, ஆனாலும் அழிக்கவே முடியாதது இல்லை.

வேர்த்து ஒழுகும் ஊரில் நிலைமின்சாரம் எங்கே வரப் போகிறது?

இதைச் சொல்லித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்றில் ரொம்ப நாளாகச் சுற்றி வரும் ஒரு அட்டவணை உண்டு. ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போது கம்பளத்தில் நடந்தால் 35,000 வோல்ட் வரை, 65 முதல் 90 சதவீதத்தில் 1500 வோல்ட். மேசையிலிருந்து பிளாஸ்டிக் கவரைத் தூக்கினால் 20,000, ஈரமான காற்றில் 1200. சென்னைக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். சரி, 1200 வோல்ட் போதாதா ஒரு கேட்டைக் கொல்ல? ஈரப்பதம் பொறியைக் குறைக்கிறது, உங்களுக்கு உறைக்காத அளவுக்குக் குறைக்கிறது, அவ்வளவுதான். போதாததற்கு ஏசி போட்ட அறையில் காற்று நன்றாகவே உலர்ந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலி, பாலியஸ்டர் சட்டை, ரப்பர் செருப்பு மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சீப்பால் தலைவாரி காகிதத் துணுக்கை இழுத்துப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு மர ஸ்டூலில் உட்காருங்கள்.

மணிக்கட்டில் கட்டி எர்த்தோடு இணைக்கும் பட்டையில், அதாவது ரிஸ்ட் ஸ்ட்ராப்பில், 1 மெகாஓம் எதற்கு? நேராக ஒயர் கட்டினால் என்ன?

நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்குத்தான். கையில் நேராக எர்த் ஒயரைக் கட்டிக்கொண்டு, மற்ற கை தவறி 230 வோல்ட் லைனில் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும், தடுக்க ஒன்றும் இருக்காது. 1 மெகாஓம் இருந்தால் 0.23 மில்லி ஆம்பியர்தான் ஓடும், பெரும்பாலும் உணரக்கூட மாட்டீர்கள். இத்தனைக்கும் நிலைமின்சாரம் வடிய அந்த ரெசிஸ்டர் ஒரு தடையே இல்லை. 100 பிக்கோஃபாரட்டை 1 மெகாஓம் வழியாக வடிக்க ஒரு மில்லி செகண்ட்கூட ஆகாது.

மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பட்டையின் உலோகப் பகுதிக்கும் கிளிப்புக்கும் நடுவே 1 மெகாஓம் காட்டுகிறதா என்று பாருங்கள். சுருள் ஒயர் உள்ளேயே அறுந்து போயிருக்கும், வெளியே அழகாகத்தான் தெரியும். பட்டை தோலில் இறுக்கமாகப் பட வேண்டும், சட்டைக் கைக்கு மேல் கட்டினால் அது நகைதான்.

ஒயர் இல்லாத ரிஸ்ட் ஸ்ட்ராப் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். போகிற இடம் இல்லாமல் மின்னூட்டம் எங்கே போகும்?

எங்கள் வீட்டில் எர்த் சரியில்லை. நான் என்ன செய்ய?

இதுதான் நம் ஊரில் நிஜமான கேள்வி. பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டையில் ஒயரே இருக்காது, அல்லது யாரோ புத்திசாலித்தனமாக நியூட்ரலை அதில் கொண்டுவந்து முறுக்கி வைத்திருப்பார்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பதற்றம் போய்விடும். இரண்டு பொருள்களுக்கு நடுவே வித்தியாசம் இருந்தால்தான் பொறி பறக்கும். மின்கம்பியில் காக்கா உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை, இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அதே மாதிரி நீங்கள், மேசை மேல் விரித்திருக்கும் நிலைமின்சாரம் வடிக்கும் மேட், திறந்து வைத்த செட், கவரில் இருக்கும் புதுப் பாகம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்த மட்டம் 5 வோல்ட்டா 500 வோல்ட்டா என்பது கேட்டுக்குத் தெரியப் போவதில்லை. எனவே எர்த் இல்லாத வீட்டில், செட்டின் பவரைப் பிடுங்கிவிட்டு, ரிஸ்ட் ஸ்ட்ராப்பையும் மேட்டின் ஒயரையும் செட்டின் சேஸிஸையும் (உலோகச் சட்டம்) ஒரே புள்ளியில் கிளிப் போட்டு இணையுங்கள். புதிதாக மேசைக்கு வரும் எதையும், கவரோடு மேட்டில் வைத்து, அந்தக் கவரையும் கையால் தொட்டபிறகு திறங்கள். மெயின்ஸ் (வீட்டு 230 வோல்ட்) எதுவும் மேசைக்கு வராத வரை இது நன்றாகவே வேலை செய்யும்.

மெயின்ஸில் ஓடுகிற சால்டரிங் அயர்ன், ஆசிலோஸ்கோப், பவர் சப்ளை எல்லாம் மேசைக்கு வந்தால் உண்மையான எர்த் வேண்டும். சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வாக்கிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டும் காட்டினால் பரவாயில்லை. வீட்டில் லோடு ஓடும்போதும் அசையாமல் 0.0 காட்டினால் சந்தேகப்படுங்கள், யாரோ நியூட்ரலை இணைத்திருக்கலாம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் செட்டின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி போடச் சொல்லுங்கள். கேஸ் குழாயில் கட்டும் யோசனையெல்லாம் கனவிலும் வேண்டாம். தண்ணீர்க் குழாய் இப்போது பிவிசி, அதில் கட்டுவதும் கட்டாததும் ஒன்று.

இரண்டு பின் சால்டரிங் அயர்ன் போதுமா?

ரெசிஸ்டர் வைக்கப் போதும். மாஸ்ஃபெட்டுக்குப் போதாது. உள்ளே சூடாக்கும் கம்பிக்கும் முனைக்கும் நடுவே மைக்கா காப்பு இருந்தாலும் கெப்பாசிட்டர் மாதிரி கொஞ்சம் கசியும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து முனைக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், 50, 80, சில அயர்னில் 100-க்கு மேல்கூடக் காட்டும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனால் கேட்டுக்குக் கரண்ட் தேவையே இல்லையே. ரிஸ்ட் ஸ்ட்ராப், மேட் எல்லாம் போட்டுக்கொண்டு இந்த அயர்னால் கேட் காலைத் தொடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று பின் அயர்ன் அல்லது ஸ்டேஷன் வாங்குங்கள். பிளக்கின் பெரிய பின்னுக்கும் முனைக்கும் நடுவே சில ஓம்தான் இருக்க வேண்டும், முனை கருத்துப்போய் துருவேறினால் இது ஏறும். உடனே வாங்க முடியாது என்றால் நன்றாகச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சூட்டில் கேட் காலை மட்டும் பற்றவைக்கலாம். ஒரு காலுக்குச் சூடு போதும். ஈயம் உறிஞ்சும் பிளாஸ்டிக் பம்ப்பின் பட்டனை அமுக்கி உறிஞ்சும்போது அதுவும் நிலைமின்சாரம் உண்டாக்கும். உலோக உடம்புள்ளது அல்லது செம்புப் பின்னல் நல்லது.

டூயல் கேட் மாஸ்ஃபெட்டை மாற்றும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பேட்டரி, பவர், ஆன்டெனா மூன்றையும் கழற்றுவேன். மெமரிக்கான நாணய பேட்டரி இருக்கிறதா என்றும் பார்ப்பேன். பழையதை எடுத்து, ஓட்டைகளைச் சுத்தம் செய்து, போர்டின் கிரவுண்டை மேட்டின் புள்ளியோடு கிளிப் போட்டு இணைத்தபிறகுதான் புதியதன் கவரைத் திறப்பேன். அது கறுப்பு ஃபோமில் குத்தியிருக்கும். ஃபோமிலிருந்து பிடுங்கும் முன்பே, உடம்பை ஒட்டி, மயிரிழைச் செம்புக் கம்பியால் நான்கு கால்களையும் சுற்றி முறுக்கிவிடுவேன். அப்புறம் பிடுங்கி, உடம்பைப் பிடித்து, காலைத் தொடாமல் ஓட்டையில் இறக்கி, முதலில் சோர்ஸ், பிறகு டிரெய்ன், கடைசியில் கேட்டுகள். எல்லாம் ஆறினபிறகு செம்புக் கம்பியை ட்வீசரால் உருவி எடுப்பேன். உருவ மறந்துவிட்டு "புதியதும் வேலை செய்யவில்லை" என்று அரை மணி நேரம் தேடியதும் நான்தான்.

சர்ஃபேஸ் மவுண்ட் பாகத்துக்குச் சுற்றக் கம்பி கிடையாது. அங்கே ட்வீசரும் அயர்னும் எர்த்தில் இருப்பதுதான் வழி, சோர்ஸ் முதலில் என்ற வரிசை மாறாது.

மாஸ்ஃபெட்டை மாற்றினேன், ரிசீவர் நன்றாக வேலை செய்தது, சில நாளில் செவிடாகிவிட்டது. பாகம் போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆர்டி வரிசையில் போலி நிறைய. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய 2 மீட்டர் அலைவரிசை ரிசீவரின் முன்பகுதி மாஸ்ஃபெட்டை, மார்கழியில், ஏசி அறையில், பட்டை இல்லாமல் "சும்மா ஒரு நிமிஷ வேலை" என்று மாற்றினேன். அருமையாகக் கேட்டது. இரண்டாவது வாரம் தூரத்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) இரைச்சலுக்குள் மூழ்கியது, நாலு நாளில் பக்கத்து ஊர் மட்டும்தான் கேட்டது. அரைகுறையாக அடிபட்ட பாகம் இப்படித்தான். ஆக்சைடில் ஒரு ஊசிமுனைக் காயம், முதலில் கொஞ்சம் கசியும், சூட்டிலும் வோல்ட்டேஜிலும் காயம் பெரிதாகும். ஒரேயடியாகச் செத்தது நல்லது, அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்த முறை அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை ஒழுங்காகப் பட்டை கட்டி மாற்றினேன், இன்றும் ஓடுகிறது. பாகத்தின் மேல் பழி போட எனக்கு மனமில்லை.

மல்டிமீட்டரில் மாஸ்ஃபெட் உயிரோடு இருக்கிறதா என்று தெரியுமா?

செத்தது தெரியும், காயம்பட்டது தெரியாது. ஐஆர்எஃப்510-ஐக் கழற்றி டயோடு மோடில் வையுங்கள். கேட்டிலிருந்து சோர்ஸுக்கோ டிரெய்னுக்கோ எந்தப் பக்கமும் எதுவும் காட்டக்கூடாது. சோர்ஸில் சிவப்பு, டிரெய்னில் கறுப்பு வைத்தால் உள் டயோடு 0.5 வாக்கில் காட்டும். டிரெய்னும் சோர்ஸும் இரு பக்கமும் ஓடுகிறது என்றால், கேட்டையும் சோர்ஸையும் ஒருமுறை ஷார்ட் செய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள், முந்தின தொடுகையில் கேட்டில் தங்கிய மின்னூட்டம் அதைத் திறந்தே வைத்திருக்கலாம். இதில் நல்ல பிள்ளை பலரைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

காலியம் ஆர்சனைடு எஃப்இடியில் மட்டும் முள் மீட்டரின் 10கே ரேஞ்சை வைத்துவிடாதீர்கள். அதற்குள் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ பேட்டரி இருக்கும், அந்தக் கேட் தாங்குவது சில வோல்ட்.

மைக்ரோபிட்எக்ஸ் கிட்டில் ஐஆர்எஃப்510 அடிக்கடி போகிறது. நிலைமின்சாரமா?

அநேகமாக இல்லை. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த அந்த செட்டில் இரண்டு ஐஆர்எஃப்510 ஃபைனலில் இருக்கின்றன. போர்டில் பொருத்தி ஓடிக்கொண்டிருந்த ஃபைனல் போனால் முதலில் பயாஸ் (கேட்டுக்குக் கொடுக்கும் நிலையான வோல்ட்டேஜ்) அதிகமாக வைத்தீர்களா, ஆன்டெனா இல்லாமல் பிடிடி (பேசும் பட்டன்) அமுக்கினீர்களா, ஹீட் சிங்க்கில் இன்சுலேட்டர் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள், முதுகுத் தகடு டிரெய்னோடு சேர்ந்தது. எல்லாப் பழியையும் நிலைமின்சாரத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் ஒரு வியாதி. மாற்றும்போது பட்டை கட்டுங்கள், பயாஸ் பிரிசெட்டைக் குறைந்தபட்சத்தில் வைத்துவிட்டுப் பவர் கொடுங்கள்.

செட்டைத் திறக்கவே இல்லை. ஆன்டெனா மாட்டியதும் ரிசீவர் செத்தது. எப்படி?

கேபிள்தான் குற்றவாளி. ஆர்ஜி58 ஆன்டெனா கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். 30 மீட்டர் இழுத்திருந்தால் 3000, அதாவது உங்கள் உடம்பைப் போல 30 மடங்கு. ஆடிக் காற்றில் தூசி உரசினாலோ, மழை மேகம் தலைக்கு மேல் நின்றாலோ, கழற்றி வைத்த ஆன்டெனாக் கம்பியில் மின்னூட்டம் ஏறி இந்தக் கேபிளில் சேமித்து வைத்திருக்கும். உடம்பிலாவது 1500 ஓம் தடை உண்டு, இங்கே அதுவும் கிடையாது. கனெக்டரின் நடுமுனை செட்டில் பட்டதும் மொத்தமும் ப்ரீஆம்பில் இறங்கும்.

மாட்டும் முன் நடுமுனையையும் வெளிவளையத்தையும், காப்புப் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்துவிட்டு உடனே மாட்டுங்கள். நிரந்தரமாக வேண்டுமானால் ஆன்டெனா நுழையும் இடத்தில் நடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் போட்டு வையுங்கள், சேரச் சேர வடிந்துவிடும். மடித்த டைபோல், ஜே-போல் போன்ற ஆன்டெனாக்கள் டிசிக்கு ஏற்கெனவே ஷார்ட் என்பதால் தேங்காது. இடி இடிக்கிறது என்றால் இந்த ஸ்க்ரூடிரைவர் வேலையும் வேண்டாம், கேபிள் பக்கமே போகாதீர்கள். கழற்றுவது மேகம் திரளும் முன் செய்கிற வேலை.

லேப்டாப்பில் ப்ரோக்ராமிங் கேபிள் மாட்டும்போது சின்னதாகப் பொறி வருகிறதே?

அது நிலைமின்சாரம் இல்லை, சார்ஜரின் வேலை. இரண்டு பின் சார்ஜரிலும், எர்த் இல்லாத மூன்று பின் சார்ஜரிலும் உள்ளே இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாக லேப்டாப்பின் கிரவுண்ட் சுமார் 100 வோல்ட் ஏசியில் மிதந்துகொண்டிருக்கும். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் நறநறவென்று இருப்பது அதுதான். உங்கள் செட் எர்த்தில் இருந்து, கேபிளின் சிக்னல் கால் கிரவுண்டுக்கு முன்னால் தொட்டுவிட்டால் உள்ளே இருக்கிற ஐசி அதை வாங்கிக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், எல்லாம் மாட்டியபிறகு செட்டை ஆன் செய்யுங்கள்.

மேட்டுக்குப் பதில் அலுமினியம் ஃபாயில் விரிக்கலாமா?

வேண்டாம். மேட்டில் மெகாஓம் கணக்கில் தடை இருப்பது வேண்டுமென்றே வைத்தது. மின்னூட்டம் ஏறிய ஐசியே ஃபாயில் மேல் விழுந்தால் ஒரு நானோசெகண்டில் எல்லாம் வெளியேறும், அதுவே அதைக் கொல்லும். போர்டில் பவர் இருந்தால் ஷார்ட் வேறு.

டியூப் லீனியரை (வால்வு போட்ட பவர் ஆம்ப்ளிஃபயர்) திறக்கும்போதும் பட்டை கட்ட வேண்டுமா?

கழற்றி வையுங்கள். 807 வால்வு போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயரிலேயே 600, 700 வோல்ட் இருக்கும், பெரிய லீனியரில் 2000, 3000. ரிஸ்ட் ஸ்ட்ராப்பின் ரெசிஸ்டர் மெயின்ஸ் அளவுக்குச் செய்தது, 3000 வோல்ட் அதைத் தாண்டிக் குதிக்கும். அங்கே எர்த்தோடு கட்டப்பட்ட கை என்பது தானே மாட்டிக்கொண்ட விலங்கு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும், வடிப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டர் எப்போதோ அறுந்து போயிருக்கலாம். நீளமான காப்புப் பிடியுள்ள குச்சியில் ரெசிஸ்டர் வழியாக வடித்து, அந்த வோல்ட்டேஜுக்கான மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்து, ஷார்ட் கிளிப்பை அப்படியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அதே பெட்டியில் சிமாஸ் கன்ட்ரோல் போர்டும் இருந்தால், அதைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து அங்கே பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

போர்டைப் பார்சலில் அனுப்ப எந்தக் கவர்?

வெள்ளி நிறத்தில் பளபளக்கிற கவர்தான். இளஞ்சிவப்புக் கவர் உரசலில் மின்னூட்டம் உண்டாக்காது, அவ்வளவே. வெளியே பறக்கும் பொறியைத் தடுக்காது. தெர்மாகோலில் ஐசியைக் குத்தி அனுப்புவது, குத்துகிறவர் செய்கிற கொலை. வெள்ளிக் கவரின் பரப்பு கொஞ்சம் மின்சாரம் கடத்தும் என்பதால் நாணய பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே வையுங்கள், வெளியே எடுத்த போர்டை அந்தக் கவர் மேலேயே வைத்துப் பவர் கொடுக்காதீர்கள். கவரை மடித்து ஒட்டும் செல்லோ டேப்பை "சர்ர்" என்று இழுத்தால் அதுவும் ஆயிரக்கணக்கில் வோல்ட் உண்டாக்கும், அதனால் டேப்பை முதலில் கிழித்து வைத்துக்கொண்டு பிறகு போர்டை எடுங்கள்.